லேசு வேலை கேட்டது நான்தான்

தம்பி,

இதை உன்னிடம் வாயால் சொல்ல மூன்று தரம் முயன்றேன். முதல் தரம் நீ சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். சாப்பிடும்போது பேச்சுக் கொடுத்தால் உனக்குப் பிடிக்காது. இரண்டாம் தரம் பக்கத்துக் காம்பராவில் ரேடியோ அலறிக்கொண்டிருந்தது. மூன்றாம் தரம் எல்லாம் அமைதியாகத்தான் இருந்தது, எனக்குத்தான் வாய் வரவில்லை. உனக்கு வாயால் சொன்னால் ஏறாது, எழுதிக் கொடுத்தால்தான் ஏறும் என்று தோட்டம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். எனக்கே அந்தப் புத்தி வர இத்தனை நாளாகியிருக்கிறது, பார். பிள்ளைக் காம்பராவில் வேலை பார்த்த காலத்துக் கொப்பி ஒன்று மிச்சம் கிடந்தது. அதில்தான் எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள். விரல் முன்னைப்போல மடங்க மாட்டேன் என்கிறது. நாலு வரி எழுதினால் ஒரு தரம் உதற வேண்டியிருக்கிறது.

திங்கட்கிழமை நீ அப்புத்தளைக்குப் போகிறாய். புதுத் தேயிலை ஃபெக்டரி, அதை நடத்துகிற புது டீமேக்கர், உன்னைப் பற்றி ஒன்றும் தெரியாத ஆட்கள். போவதற்கு முன்னால் உன் கேள்வி ஒன்றுக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். லேசு வேலையில் உன்னைப் போட்டிருந்த அந்த எட்டு மாதமும் சாயங்காலம் வந்து காலைக் கழுவிக்கொண்டே கேட்பாயே, "அம்மா, நா வேலைய பிழையா செஞ்சேனா?" என்று. ஒரு நாள் தவறாமல் கேட்டாய். நானும் ஒரு நாள் தவறாமல், "அதெல்லாம் ஒண்ணுமில்ல, தேத்தண்ணியக் குடி" என்று சமாளித்தேன். கொழுந்து வாட்டும் மாடியில் இருந்து உன்னை இறக்கியது அப்போதைய டீமேக்கர்தான் என்று இன்றைக்கும் நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். இந்த நினைப்போடு நீ புது இடத்துக்குப் போனால், அங்கே எவன் குரலை உயர்த்தினாலும் பிழை உன் மேல்தான் என்று முடிவு கட்டிவிடுவாய். கேட்க வேண்டியதைக் கேட்காமல் வாயை மூடிக்கொண்டு கிடப்பாய். அந்தப் பயத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இருந்தே சொல்கிறேன், குறுக்கே கேள்வி கேட்காமல் வாசி. தொண்ணூறாம் ஆண்டு வாக்கில் உனக்கு நாலு வயது. ஹாலிஎலைக்கு மேலே நம் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் நான் ஆயாவாக இருந்தேன். கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் விட்டுப் போகும் நாற்பது பிள்ளைகளுக்கும் நான்தான் பொறுப்பு. எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல், எது பசியில் அழுகிறது, எது வேண்டுமென்று அழுகிறது என்று அழுகையை வைத்தே சொல்லிவிடுவேன். நீ மட்டும் அழவே மாட்டாய். தகரக் கோப்பைகளைச் சின்னதில் இருந்து பெரியதாக வரிசையாக அடுக்கி வைத்துவிட்டு, யாராவது ஒன்றை எடுத்தால் தலையைச் சுவரில் முட்டுவாய். ஒரு நாள் தோட்டத்தை நிர்வகிக்கிற துரையும் அவர் மனைவி துரைசாணியும் பார்வையிட வந்தார்கள். எல்லாப் பிள்ளைகளும் எழுந்து நின்று சலாம் சொன்னார்கள். நீ தொட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாய். ஆயாவின் பிள்ளையே இப்படியா என்று எனக்கு மானம் போயிற்று. உன்னை இழுத்து நிறுத்தி, அவர்களுக்குத் தெரியாமல் தொடையில் கிள்ளினேன். ஒரு கிழமை கன்றிப்போய்க் கிடந்தது. நீ அப்போதும் அழவில்லை.

அதோடு நின்றேனா? இல்லை. பிள்ளைக்கு ஏதோ காத்துக் கறுப்பு பட்டிருக்கிறது என்று நாலு பேர் சொன்னார்கள், நானும் கோடாங்கிக்காரரிடம் கூட்டிப் போனேன். உங்கப்பா அப்போது உயிரோடு இருந்தார். ஃபெக்டரியில் ட்ரையரில் வேலை. "வேணாம்டி, அவன் சத்தத்துக்குப் பயந்த பய" என்று சொல்லத்தான் செய்தார். நான் கேட்கவில்லை. உன் காதுக்குப் பக்கத்திலேயே உடுக்கையை அடித்தார்கள். நீ துடித்ததைப் பேய் துடிக்கிறது என்று சொன்னார்கள், நானும் கையைக் கூப்பிக்கொண்டு பார்த்திருந்தேன்.

உங்கப்பா போன பிறகு உனக்கு வாயும் நான், காதும் நான் என்று ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் மாஸ்டர் கேட்டால் நான் பதில் சொன்னேன். யுத்தம் நடந்ததால் ஆமிக்காரர் பதுளை பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கி அடையாள அட்டை பார்க்கிற காலம் அது. முகத்தைப் பார்க்காமல், கேட்டதற்குப் பதில் பேசாமல் நிற்கிற தமிழ்ப் பையனை அவர்கள் என்னவென்று நினைப்பார்கள்? "பாவம் ஐயா, புள்ளைக்கு வெவரம் பத்தாது, விட்டுருங்க" என்று கும்பிடு போட்டுக் கூட்டி வந்தேன். அங்கே அந்தப் பேச்சு உன்னைக் காப்பாற்றியது உண்மைதான். ஆனால் எனக்கு அது பழகிப்போயிற்று. எங்கே போனாலும், யார் முன்னால் நின்றாலும், 'பாவம்' என்றுதான் வாயைத் திறந்தேன்.

பதினெட்டு வயதில் உனக்கு ஃபெக்டரியில் வேலை கிடைத்தது. கொழுந்து வாட்டும் மாடியில் போட்டார்கள். நீ அங்கே போய் நின்ற கதையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிறைகிறது. ஈரமானியைப் பார்த்து மணிக்கு மணி குறித்து வைப்பாய். ஒரு கைப்பிடி கொழுந்தை அள்ளி உருட்டிப் பார்த்து, "இன்னும் ஒரு மணித்தியாலம்" என்பாய், அதற்கு முன்னேயும் பின்னேயும் போகாது. காற்றாடிகளின் ஒரே சீரான இரைச்சல் உனக்குத் தாலாட்டு. பழைய டீமேக்கர் ஐயா என்னைக் கண்டால், "உன் மகன் வாட்டுற கொழுந்துல நா கைய வைக்கிறதே இல்ல" என்பார். எல்லாரும் நினைத்தது, மாடி அமைதியான இடம், அதனால்தான் நீ நன்றாக வேலை செய்கிறாய் என்று. யாருக்கும் விளங்காத விஷயம் ஒன்று இருந்தது. முப்பது வருடம் மிஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி அந்த ஐயாவுக்குத் தொண்டை போயிருந்தது. அதனால் மாடிப்படிக்குக் கீழே ஒரு கரும்பலகையை மாட்டி, அன்றைக்குச் செய்ய வேண்டியதை எல்லாம் காலையில் சோக்கால் எழுதிவிடுவார். வேலை மாறினால் அதையும் எழுதுவார். தன் தொண்டைக்காக அவர் செய்த ஏற்பாடு உன்னைத் தூக்கி நிறுத்தியது. அது அவருக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது, நாற்பது பிள்ளை வளர்த்த எனக்கும் தெரியாது.

அவர் ஓய்வு பெற்றுப் போனார். புதிதாக வந்தவருக்குத் தொண்டை வெண்கலம். பலகையைக் கழற்றி மூலையில் சாத்திவிட்டு, கீழே நின்றே குரல் கொடுப்பார். ஒன்றைச் சொல்லி, நீ அதைத் தொடங்குமுன் இன்னொன்றைச் சொல்லுவார். நீ காதைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாய். தோட்டத்தில் ஐயாமாருக்கு முதுகைக் காட்டினால் அது என்ன குற்றம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு தரம் ஆனதும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மூன்றாம் தரமும் நடந்தால் வேலைப் பதிவில் இருந்து பேரை வெட்டிவிடுவார்கள். ஓடினேன் சங்கத் தலைவரிடம். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே, "அக்கா, ஒண்ணு முழு வேல, இல்லாட்டி லேசு வேல. தோட்டத்துல ரெண்டுதான் இருக்கு. தொரகிட்ட லேசு வேல கேட்டுருவோம். பேரு தப்பிக்கும்ல?" என்றார். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

ஆமாம் தம்பி. டீமேக்கர் உன்னை இறக்கவில்லை. டிஸ்பென்சரியில் லேசு வேலைக்குச் சிபாரிசுத் துண்டு வாங்கியது நான். துரை ஒப்பீசுக்கு முன்னால் நின்று அழுதது நான். "பாவம் தொர, அவனுக்கு மூள கொஞ்சம் கம்மி, எதுனா லேசு வேல குடுங்க" என்று சொன்ன வாய் இந்த வாய்தான். நீ வேலையில் ஒரு பிழையும் விடவில்லை. பிழை விட்டது நான். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போனேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அந்தக் கதைதான். பழமொழி சொன்னால் உனக்குப் பிடிக்காது, அதனால் நேராகவே சொல்கிறேன்: உன் வேலையைக் காப்பாற்றப் போய் உன் வேலையை நானே பறித்தேன்.

லேசு வேலை என்றால் வயிற்றுப் பிள்ளைக்காரிகளுக்கும், ஒப்பரேசன் செய்து வந்தவர்களுக்கும், வயது போனவர்களுக்கும் கொடுக்கிற வேலை. தேயிலைக் கன்றுப் பைகளுக்கு மண் நிரப்ப ஆறேழு பிள்ளைத்தாச்சிகளுக்கு நடுவில் உன்னை உட்கார வைத்தார்கள். அவர்களில் ஒருத்தி, "என்னா தம்பி, ஒனக்கு எத்தன மாசம்?" என்று கேட்டாளாம். நீயும் கையில் இருந்த பையைக் கீழே வைத்துவிட்டு, "இருபது வருசம் மூணு மாசம்" என்றாயாம். சிரிப்பு லயம் வரைக்கும் வந்தது. நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்துவிட்டு, காம்பராவுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். உனக்குக் கேலி விளங்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் நீ அதற்குப் பிறகு சாப்பாட்டைக் குறைத்தாய். வயிறு நோகிறது என்றாய். எட்டாம் மாதம் சட்டைக்குள் ஆளே இல்லை.

அப்போதுதான் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். யாழ்ப்பாணத்து டொக்டர் அம்மா ஒருவர் இருந்தார். வழக்கம்போல நானே எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். பத்து நிமிடம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அம்மா, நீங்கள் கொஞ்ச நேரம் வெளியில இருங்கோ" என்றார். "நான் இல்லாம அவன் பேச மாட்டானுங்க" என்றேன், சுருக்கென்று வந்த கோபத்தில். "பேச வேண்டாம். எழுதட்டும்" என்றார். வெளியே வாங்கில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். கூப்பிட்டு உள்ளே போனால், மேசையில் ஒரு தாள். உன் கையெழுத்து. வயிற்று நோவைப் பற்றி இரண்டே வரி. மிச்சம் எல்லாம் வேலையைப் பற்றி. சத்தம் போட்டுச் சொன்னால் தலைக்குள் எல்லாம் கலைந்துவிடுகிறது, பலகையில் எழுதினால் செய்வேன், வேலையை மாற்றுவதானால் முதல் நாளே சொல்ல வேண்டும், கொழுந்து வாட்டும் மாடிக்கு நான் திரும்பிப் போக வேண்டும் என்று எழுதியிருந்தாய். பலகை! இருபது வருடம் உன்னோடு ஒரே காம்பராவில் கிடந்த எனக்கு அந்தப் பலகை கண்ணில் படவில்லை.

"இதைத்தான் நீங்கள் துரையிட்டக் குடுத்திருக்க வேணும்" என்றார் டொக்டர் அம்மா. "இவருக்கு லேசான வேலை தேவையில்லை. அதே வேலை, வேற விதமாச் சொல்லித் தந்தால் காணும்." ஓட்டிசம் என்ற பேரையும் அன்றைக்குத்தான் கேட்டேன். பிறகு கொழும்பு ஆஸ்பத்திரிக்குப் போனபோதும் அதையேதான் சொன்னார்கள். சரியோ பிழையோ, ஒரு பேர் கிடைத்ததில் எனக்குப் பாரம் கொஞ்சம் இறங்கிற்று. பேயும் இல்லை, மூளைக் குறைவும் இல்லை.

டொக்டர் அம்மாவின் கடிதத்தையும் உன் தாளையும் எடுத்துக்கொண்டு ஒப்பீசுக்குப் போனேன். நீ வெளியே மரத்தடியில் நின்றாய், அதனால் உள்ளே நடந்தது உனக்குத் தெரியாது. துரை தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பெரிய கிளாக்கருக்கு முன்னாலேயே, "நீதானே வந்து அழுதது? லேசு வேல குடு, குடுன்னு. குடுத்தாச்சி. இப்ப என்னா?" என்று கேட்டார். என்ன சொல்ல? கேட்டது நான்தானே. துரைக்கு அடுத்த சின்னதுரைதான், "ஒரு மாசம் போட்டுப் பாப்போம் சேர்" என்று தாளை வாங்கிக்கொண்டார். நீ மாடிக்குத் திரும்பினாய். "அம்மா, தொர பலகைய மாட்டச் சொல்லிட்டாரு" என்று வந்து சொன்னாய். அன்றைக்கு உன் முகத்தைப் பார்த்த பிறகு உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதற்குப் பிறகு நீ கேட்கவும் இல்லை. நான் அப்படியே மூடிவிட்டேன்.

ஒரு தரம் கேட்டுக் கிடைத்துவிட்டால் அதோடு தீர்ந்தது என்று மட்டும் நினைக்காதே. அப்படி நினைத்துத்தான் நான் களைத்துப்போனேன். டீமேக்கர் பதினொரு நாள் எழுதினார். பன்னிரண்டாம் நாள், "எழுதிக்கிட்டு நிக்க இது என்னா பள்ளிக்கூடமா?" என்று சோக்கை எறிந்துவிட்டார். எனக்கு உடனே மறுபடி ஒப்பீசுக்கு ஓடத் தோன்றியது, தலைவரைப் பிடிக்கத் தோன்றியது, கொஞ்சம் அழவும் தோன்றியது. நீ என்ன செய்தாய்? பலகையைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு அவர் மேசைக்கு முன்னால் போய் நின்றாய். ஒரு வார்த்தை பேசவில்லை, சோக்கை நீட்டினாய். மனிதர் திட்டிப் பார்த்தார், சிரித்துப் பார்த்தார், கடைசியில் எழுதினார். அடுத்த நாளும் போய் நின்றாய். ஃபெக்டரியை மூடிக் கொழுந்தை வேறு தோட்டத்துக்கு ஏற்றும் நாள் வரை, இரண்டு வருடம், தினமும் நின்றாய். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்று பிள்ளைக் காம்பராவில் நாங்கள் சொல்வோம். நீ அழாமலே வாங்கினாய். உனக்காக அழுதவள் நான், அதில் வந்தது லேசு வேலை.

அதனால் அப்புத்தளையில் முதல் நாளே சொல்லிவிடு, பிரச்சினை வரும் வரைக்கும் காத்திராதே. உனக்கு என்ன வராது என்பதைச் சொல்லுமுன் என்ன வரும் என்பதைச் சொல். ஓட்டிசம் என்ற பேரைச் சொல்வதும் சொல்லாமல் விடுவதும் உன் இஷ்டம், அதில் நான் தலையிட மாட்டேன். அவர்கள் 'பாவம்' என்று உச்சுக் கொட்டிக்கொண்டு எதையாவது நீட்டினால், வாங்குமுன் ஒரு நாள் யோசிக்க நேரம் கேள். இரக்கத்தோடு கொடுத்ததைத் திருப்பிக் கொடுப்பது பெரிய கஷ்டம், எனக்குத் தெரியும். மறந்துபோனால் ஞாபகப்படுத்து. சண்டை போட வேண்டாம், மறுபடி எழுதிக் கொடு. எல்லாரும் கெட்டவர்கள் இல்லை, பாதிப் பேருக்கு விளங்காது, மீதிப் பேருக்கு அலுப்பு. யாராவது சொன்னது கேலியா நிசமா என்று தெரியாவிட்டால், "கேலியா?" என்று அவர்களையே கேட்டுவிடு. கேட்டால் முகம் சுருங்கும், சுருங்கட்டும்.

இன்னும் ஒன்று இருக்கிறது. போன கிழமை அப்புத்தளை ஃபெக்டரியில் இருந்து எனக்குக் கோல் எடுத்தார்கள். "அம்மாவும் கூட வாங்க, மகனப் பத்தி வெவரமெல்லாம் கேக்கணும்" என்றார் அந்த மெனேஜர். மரியாதையான மனிதர். எனக்கு அவ்வளவு சந்தோசம். முழங்கால் நோவை மறந்து, நீலச் சேலையைத் தோய்த்துக் காயப் போட்டு, ரயிலில் போய் இறங்கியதும் அவரிடம் என்ன என்ன சொல்ல வேண்டும் என்று மனத்துக்குள் பாடம் பண்ணினேன். நேற்று நீ அந்த மெனேஜருக்கு எழுதிய கடிதத்தை என்னிடம் நீட்டி, "எழுத்து தெளிவா இருக்கா பாருங்க" என்றாய். வாட்டும் வேலையைப் பற்றி எழுதியிருந்தாய். எழுதித் தரச் சொல்லியிருந்தாய். ட்ரையர் பக்கம் போகும்போது காதில் பஞ்சு வைக்க அனுமதி கேட்டிருந்தாய். லேசு வேலை வேண்டாம் என்று எழுதி அதன் கீழே கோடும் போட்டிருந்தாய். எல்லாவற்றுக்கும் கீழே, "என்னைப் பற்றித் தெரிய வேண்டுமானால் என் அம்மாவிடம் கேட்க வேண்டாம். அவருக்குத் தெரியாது. என்னிடம் கேளுங்கள்" என்று எழுதியிருந்தாய்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்று, சுமந்து, தோட்டத்துப் படியெல்லாம் ஏறி இறங்கியவளுக்குத் தெரியாதாம்! நீ என்னைக் குத்துவதற்காக எழுதவில்லை என்பது தெரியும், உனக்குக் குத்தத் தெரியாது, உள்ளதை உள்ளபடி எழுதுவாய். அதுதான் இன்னும் வலித்தது. நீ குளிக்கப் போன நேரம் அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். மூடியைக் கழற்றியும் விட்டேன். அடித்தால் மறுபடியும் உன்னைக் கேட்காமல் உனக்காகப் பேசினவள் ஆவேன் என்று அப்போதுதான் உறைத்தது.

வரி அப்படியே இருக்கிறது. கடிதத்தை உன் பையில் வைத்துவிட்டேன், எழுத்து தெளிவாகத்தான் இருக்கிறது. சேலையையும் மடித்துப் பெட்டிக்குள் வைத்தாயிற்று. மெனேஜருக்குக் கோல் எடுத்து, "நான் வரலைங்க, அவன் வருவான், அவங்கிட்டயே கேளுங்க" என்று சொல்லிவிட்டேன்.

உன் அம்மா